உடற் பருமனை அளத்தல்

கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் இளைஞன் ஒருவன் விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலுள்ள தன் ஊருக்குச் செல்வதாக நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளலாம். படலையைத் திறக்கும்போதே பாட்டி அவனை ஏற இறங்கப் பார்க்கிறாள். "நல்லாய்த் தேறிவிட்டாய், ராசா" என்பது அவளுடைய தீர்ப்பு. தேறுதல், பூசினாற்போலிருத்தல், வாட்டசாட்டமாயிருத்தல், ஊதிப்போதல், தொந்தி விழுதல் என்று உடம்பின் பருமனைக் குறிக்கத் தமிழிலே சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றுட் சில வாழ்த்து, சில ஏளனம். ஆனால் எந்த இடத்தில் வாழ்த்து முடிந்து ஏளனம் தொடங்குகிறது என்பதற்குக் கண்ணைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. கண்ணோ பழக்கத்துக்கு அடிமை. பஞ்சத்தையும் பசியையும் கண்ட தலைமுறையின் கண்ணுக்குச் சதைப்பிடிப்பே சௌக்கியத்தின் அடையாளம்.

அதே இளைஞன் கொழும்புக்குத் திரும்பியபின் வேறொரு காரணத்துக்காக வைத்தியரிடம் போகிறான். அங்கே அவனைத் தராசில் ஏற்றுகிறார்கள்; 65 கிலோகிராம். சுவரோடு நிறுத்தி உயரம் பார்க்கிறார்கள். 165 சென்ரிமீற்றர், அதாவது ஏறத்தாழ ஐந்தடி ஐந்தங்குலம். கணக்குப் போட்டு 23.9 என்று ஓர் எண்ணைத் துண்டில் எழுதுகிறார்கள். அந்தத் துண்டைப் பார்த்த ஒரு வைத்தியர், "நிறை சரியாக இருக்கிறது" என்கிறார். இன்னொரு வைத்தியர், "சற்றுக் கூடிவிட்டது, கவனம் வேண்டும்" என்கிறார். இருவரும் கற்றவர்கள், இருவரும் பார்த்தது ஒரே எண். இருவரில் எவரும் பிழை சொல்லவில்லை என்பதுதான் இதிலுள்ள விசித்திரம். இந்த விசித்திரம் எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறிய, அந்த எண்ணின் பூர்வீகத்தை அறிதல் வேண்டும்.

முதலிலே ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளலாம். உடற் பருமன் என்று வைத்திய நூல் கூறுவது நிறையை அன்று, கொழுப்பை. ஆரோக்கியத்துக்குக் கேடு விளைக்கக்கூடிய அளவுக்கு உடம்பிற் கொழுப்பு மிகுதியாகச் சேர்தலே மிகை நிறையும் உடற் பருமனும் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. தராசு காட்டுவதோ எலும்பு, தசை, நீர், குருதி, கொழுப்பு யாவும் சேர்ந்த மொத்தத்தை. ஒரு காப்பை நிறுத்துப் பார்த்து, அதிலே பொன் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று கூற எந்தத் தட்டானாலும் ஆகாது. அதற்கு உரைகல் வேண்டும். உடம்புக்கு உரைகல் இல்லாமையால் மனிதர் தராசையே உரைகல்லாக்க முயன்றனர். கடந்த இருநூறு ஆண்டுக் கதை அம்முயற்சியின் கதையே.

கதையின் தொடக்கத்தில் நிற்பவர் வைத்தியர் அல்லர், வானநூல் அறிஞர். பெல்ஜியம் தேசத்துக் கென்ற் நகரில் 1796 ஆம் ஆண்டிற் பிறந்த அடோல்ஃப் கெற்லே, பிறசல்ஸ் நகரின் வான் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராயிருந்தவர். ஒரே நட்சத்திரத்தின் நிலையைப் பலர் பலமுறை அளந்தால் அளவுகள் சிறிது சிறிது வேறுபடும். அவ்வேறுபாடுகள் ஒரு நடு அளவைச் சுற்றி ஒழுங்காகக் கூடிநிற்கும். இந்த ஒழுங்கை வானத்தில் கண்டவர், அதையே மனிதரிடத்தும் தேடினார். ஸ்கொத்லாந்துப் போர்வீரர் 5,738 பேரின் மார்பளவுகளை எடுத்து ஆராய்ந்தபோது, அவையும் ஏறத்தாழ 40 அங்குலத்தைச் சுற்றி அதே ஒழுங்கிற் கூடிநிற்கக் கண்டார். "சராசரி மனிதன்" என்ற எண்ணம் இத்தேடலிலே அதற்கு முன்பே பிறந்திருந்தது. 1835 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் அச் சராசரி மனிதனைப் பற்றியதே.

அந்த ஆராய்ச்சியில் அவர் கண்டவற்றுள் ஒன்று உயரத்துக்கும் நிறைக்குமுள்ள தொடர்பு. ஒரு குடத்தை எல்லாப் பக்கத்தாலும் இருமடங்காக்கினால் அது கொள்ளும் நீர் இருமடங்கன்று, எண்மடங்காகும். மனிதனும் குடத்தைப் போல எல்லாப் பக்கமும் ஒரே வீதத்தில் வளர்பவனாயின் அவனுடைய நிறை உயரத்தின் முப்படியைப் பின்பற்ற வேண்டும். ஆனால் நெட்டையர் குட்டையரைப் பெருப்பித்த உருவங்கள் அல்லர். வளர்ந்தவர்களை ஒப்பிடும்போது நிறையானது உயரத்தின் வர்க்கத்தையே, அதாவது உயரத்தை உயரத்தாற் பெருக்கிவரும் தொகையையே, பெரும்பாலும் பின்பற்றுகிறது என்று கெற்லே கண்டார். நிறையைக் கிலோகிராமிற் கொண்டு, உயரத்தை மீற்றரிற் கொண்டு, நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இன்றைய கணக்குக்கு ஆதாரம் இதுவே. யார் பருமனானவர், யார் நோயாளி என்ற கேள்வி கெற்லேயின் சிந்தையில் எழவேயில்லை. அவர் தேடியது சராசரியை. சராசரியிலிருந்து விலகியவனைக் குற்றவாளியாக்குவதை அன்று.

அக்கேள்வியை எழுப்பியவர்கள் காப்புறுதிக் கம்பனிக்காரர். அவர்களுக்கு அது வெறும் ஞானவிசாரம் அல்ல, பணவிடயம். எவன் விரைவில் இறப்பான் என்று முன்கூட்டி அறிந்தால் அவனிடம் கூடிய கட்டுப்பணம் வாங்கலாம், அல்லது அவனை ஏற்காமலே விடலாம். நியூயோர்க்கிலுள்ள மெற்றோபோலிற்றன் ஆயுட் காப்புறுதிக் கம்பனியின் புள்ளிவிபர அறிஞர் லூயி டப்ளின், பருமனானவர்கள் தம் வயதொத்த ஏனையோரிலும் முந்தி இறக்கிறார்கள் என்பதைக் கம்பனியின் ஏடுகளிலே கண்டார். வயதாக ஆக நிறை கூடுவது இயற்கையென்று அதுவரை கருதிவந்தனர். இருபத்தைந்து முப்பது வயதில் இருந்த நிறையை வாழ்நாள் முழுவதும் காப்பதே மேல் என்பது டப்ளினின் முடிவு. 1942, 1943 ஆம் ஆண்டுகளில் அக்கம்பனி பெண்களுக்கும் ஆண்களுக்கும் "இலட்சிய நிறை" அட்டவணைகளை வெளியிட்டது. 1959 ஆம் ஆண்டில், 26 கம்பனிகளின் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் காப்புறுதிப் பத்திரங்களை ஆராய்ந்தபின் வந்த அட்டவணைக்கு "விரும்பத்தக்க நிறை" என்று பெயர். 1983 ஆம் ஆண்டுத் திருத்தத்திலோ அடைமொழியே இல்லை. வெறுமனே உயர நிறை அட்டவணை. அறிவு வளர வளர அடைமொழி தேய்ந்தது குறிப்பிடத்தக்கது.

இந்த அட்டவணைகள் பல நாடுகளில் வைத்தியர்களின் மேசைகளில் இடம்பெற்றன. அவற்றிலிருந்த குறைகளோ சிலவல்ல. காப்புறுதி வாங்க வசதியுள்ள அமெரிக்கரே அவற்றில் எண்ணப்பட்டவர்கள். ஏழைகளும் கறுப்பினத்தவரும் அரிதாகவே இடம்பெற்றனர். எண்ணப்பட்டவை பத்திரங்களாதலால் இரண்டு பத்திரம் எடுத்தவர் இரண்டு மனிதராயினர். பலரைச் சட்டையோடும் சப்பாத்தோடும் நிறுத்தார்கள். சிலரை நிறுக்காமலே அவர்கள் வாயாற் சொன்ன நிறையை எழுதிக்கொண்டார்கள். தம் உயரத்தைச் சிறிது கூட்டியும் நிறையைச் சிறிது குறைத்தும் சொல்லுதல் மானிட சுபாவம். மேலும், ஒவ்வொரு உயரத்துக்கும் சிறிய கட்டு, நடுத்தரக் கட்டு, பெரிய கட்டு என்று மூவகை நிறை கொடுத்திருந்தார்கள். எவருடைய கட்டு எத்தகையது என்று அறியும் வழியை மட்டும் 1983 வரை கூறவில்லை. தன் எலும்புக் கட்டுப் பெரியது என்று சொல்லித் தேறுதலடைய எவருக்குத்தான் மனம் வராது?

அட்டவணையின் அடிப்படைப் பிழையை வெளிக்காட்டியவர் அமெரிக்கக் கடற்படை வைத்தியர் அல்பேட் பென்கே. யுத்த காலமான 1942 ஆம் ஆண்டில் அவர் தொழில்முறை உதைபந்தாட்ட வீரர் 25 பேரைச் சோதித்தார். இது கையால் பந்தெறிந்து தோளால் மோதும் அமெரிக்க முறை ஆட்டம், ஆடுபவர் மலைபோன்றவர். அன்றைய அட்டவணையின்படி அவர்களுள் 17 பேர் மிகை நிறையால் படைச்சேவைக்குத் தகுதியற்றவர்கள். பென்கே அவர்களை வாயுவிலும் நிறுத்தார், நீரினுள் அமிழ்த்தியும் நிறுத்தார். அரசனின் முடியிற் கலப்படம் உண்டா என்று அறிய ஆக்கிமிடீசு கண்ட அதே உபாயம் இது. கொழுப்பு நீரிலும் இலேசானது. தசையும் எலும்பும் நீரிலும் பாரமானவை. ஆகவே நீரினுள் ஒருவனுடைய நிறை எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து அவனுடம்பின் அடர்த்தியையும், அடர்த்தியிலிருந்து கொழுப்பின் பங்கையும் கணிக்கலாம். கணித்தபோது, அந்தப் பாரமெல்லாம் பெரும்பாலும் தசை என்பது வெளிப்பட்டது. நாட்டிலே மிகத் திடமான தேகம் படைத்தவர்களையே அட்டவணை நோயாளிகளாக எழுதியிருந்தது.

நீரில் அமிழ்த்தி நிறுத்தலே உரைகல் என்றால் ஏன் எல்லோரையும் அவ்வாறு அளப்பதில்லை என்று நேயர்கள் வினவலாம். ஒரு நாளுக்கு நூறு பேர் வந்து காத்திருக்கும் வைத்தியசாலையில் ஒவ்வொருவரையும் மூச்சை வெளிவிடச் செய்து தொட்டியில் அமிழ்த்துவது நடக்கும் காரியமா? பின்னாளிலே கதிர்கள் கொண்டு கொழுப்பை அளக்கும் இயந்திரங்களும், மெல்லிய மின்னோட்டம் செலுத்திக் கணிக்கும் கருவிகளும் வந்தன. முன்னையவை விலை மிக்கவை. பின்னையவை, ஆள் நீர் குடித்திருக்கிறானா குடிக்கவில்லையா என்பதற்கே வேறு விடை சொல்லக்கூடியவை. தராசும் அளவுநாடாவும் எந்தக் கிராமத்திலும் உண்டு. அதனால் கேள்வி இவ்வாறு சுருங்கிற்று: உயரத்தையும் நிறையையும் மட்டும் கொண்டு செய்யும் கணக்குகளுள் கொழுப்பை ஓரளவேனும் சரியாகக் காட்டுவது எது?

இதற்கு விடை தேடியவர் அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர் அன்சல் கீஸ். காப்புறுதி அட்டவணைகளில் அவருக்கு மதிப்பில்லை. அவரும் அவருடைய தோழர்களும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400 க்கும் மேற்பட்ட ஆடவரின் அளவுகளை எடுத்து, உயரத்தால் ஒருமுறை வகுத்தும், வர்க்கத்தால் வகுத்தும், முப்படி மூலங்கொண்டு கணித்தும், கிடைத்த எண்களைத் தோல் மடிப்பின் தடிப்போடு ஒப்பிட்டார்கள். கெற்லேயின் பழைய கணக்கே ஏனையவற்றிலும் தாழ்வில்லாதது என்று 1972 ஆம் ஆண்டில் அறிவித்து, அதற்கு உடற்றிணிவுச் சுட்டி என்று பெயரிட்டார்கள். பி.எம்.ஐ. என்று இன்று வைத்தியசாலைகளிற் சொல்வது இதனையே. முற்றும் திருப்தியானது என்று கீஸ் கூறவில்லை. ஏனையவற்றைவிட மோசமில்லை என்பதே அவருடைய சிபாரிசு. அளக்கப்பட்டவர்களுள் ஒரு பெண்ணும் இல்லை என்பதும் மறக்கற்பாலதன்று. ஒரே சுட்டியுள்ள ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டாற் பெண்ணின் உடம்பிலே கொழுப்பின் பங்கு அதிகமாக இருப்பது இயல்பு. சுட்டி அதனைக் காட்டுவதில்லை.

எண் கிடைத்தது, எல்லை எங்கே? ஐக்கிய அமெரிக்காவில் 1985 ஆம் ஆண்டிலே ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்று எல்லை வகுத்தார்கள். 1998 ஆம் ஆண்டில் அதை இருபாலாருக்கும் 25 ஆகக் குறைத்தார்கள். முதல்நாள் சாதாரண நிறையுடையவராய் உறங்கச் சென்ற இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர் மறுநாள் மிகை நிறையுடையவராய் விழித்தெழுந்தனர். ஒருவருடைய உடம்பிலும் ஒரு இறாத்தல் ஏறவில்லை, கோடுதான் நகர்ந்தது. உலக சுகாதார நிறுவனமும் 18.5 க்குக் கீழ் குறைநிறை, 25 முதல் மிகை நிறை, 30 முதல் உடற் பருமன் என்றே வகுத்தது. 25 உம் 30 உம் இயற்கை வரைந்த கோடுகள் அல்ல. 24.9 இல் நலமாயிருந்தவர் 25.1 இல் நோயாளியாவதில்லை. நோயின் அபாயம் படியேறுவதில்லை, சரிவிலே மெல்ல ஏறுகிறது. ஞாபகத்தில் வைக்க இலகுவான முழு எண்களிற் கோடு போட்டது மனிதர்.

இனி, அந்த இரு வைத்தியர்களின் முரண்பாட்டுக்கு வரலாம். 2004 ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து வெளிவரும் லான்செற் சஞ்சிகையில் இரண்டு வைத்திய அறிஞர்கள் தம்முடைய சொந்த உடம்பையே சாட்சியாக வைத்தார்கள். ஒருவர் இந்தியாவின் பூனா நகரைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜோன் யுட்கின். இருவருடைய சுட்டியும் ஒன்றே: 22.3. எந்த அட்டவணையிலும் குற்றஞ்சொல்ல முடியாத எண். ஆனால் கருவிகொண்டு கொழுப்பை அளந்தபோது யுட்கினின் உடம்பில் நூற்றுக்கு 9.1 பங்கு, யாஜ்னிக்கின் உடம்பிலோ 21.2 பங்கு. சுட்டி ஒன்று, கொழுப்பு இருமடங்குக்கு மேல். யாஜ்னிக் பூனாவை அடுத்த கிராமங்களிற் பிறக்கும் குழந்தைகளையும் ஆராய்ந்தவர். அக்குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோகிராம், இங்கிலாந்தின் சவுதாம்ப்ரன் நகரக் குழந்தைகளுக்கு 3.5. இந்தியக் குழந்தை தசையிற் பெரிதும் மெலிந்திருந்தது. தோலின்கீழ்க் கொழுப்பில் மட்டும் அவ்வளவு மெலியவில்லை. மெலிந்த தோற்றமும் கொழுத்த உட்புறமும் தெற்காசியருக்குத் தொட்டிலிலேயே தொடங்குகிறது என்பது அவர் கருத்து.

இது வெறும் வேடிக்கையான செய்தியாயின் விட்டுவிடலாம். நீரிழிவு இருப்பதால் விட முடியவில்லை. இங்கிலாந்தில் வாழும் பதினான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் வைத்தியப் பதிவுகளை ஆராய்ந்து 2021 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, வெள்ளையருக்குச் சுட்டி 30 இல் எவ்வளவு நீரிழிவு அபாயமோ, அதே அபாயம் தெற்காசியருக்கு 23.9 இலேயே வந்துவிடுகிறது என்று காட்டிற்று. துண்டிலே எழுதப்பட்ட எண்ணை நேயர்கள் நினைவுகூரலாம்.

இத்தகைய சான்றுகள் முன்பே சேரத் தொடங்கியிருந்தமையால், உலக சுகாதார நிறுவனம் 2002 ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நிபுணர்களைக் கூட்டி ஆலோசித்தது. ஆசியர் எல்லோரும் ஓரினமல்லர். சீனருக்குப் பொருந்துவது தமிழருக்கோ சிங்களவருக்கோ பொருந்தவேண்டுமென்பதில்லை. ஆகவே ஆசியருக்கென்று ஒரே புதிய எல்லையை அவர்கள் நிறுவவில்லை. நாடுகளை நாடுகளோடு ஒப்பிடுவதற்கு 25 உம் 30 உம் நிற்கட்டும். ஆசியரிடத்தில் 23 இலேயே கவனமும் 27.5 இலே கூடிய கவனமும் வேண்டும் என்று இரண்டு எண்களைச் சேர்த்தார்கள். 165 சென்ரிமீற்றர் உயரமுள்ளவருக்கு 25 என்பது 68 கிலோகிராம். 23 என்பது 62.6 கிலோகிராம். அந்த இளைஞனின் 65 கிலோகிராம் இரண்டுக்கும் நடுவிலே விழுகிறது. முதல் வைத்தியர் பார்த்தது உலக அட்டவணை. இரண்டாமவர் பார்த்தது ஆசிய அட்டவணை. துண்டை வாங்குபவர் எந்த அட்டவணைப்படி எழுதப்பட்டது என்று கேட்பதில் வெட்கமொன்றுமில்லை.

கொழுப்பு எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் முக்கியம். மார்செய் நகரத்து வைத்தியர் ஜான் வாக் 1947 ஆம் ஆண்டிலேயே இதைச் சொன்னார். தொடையிலும் பிட்டத்திலும் சேரும் கொழுப்பு அவ்வளவு கொடியதன்று. வயிற்றிலே குடலையும் ஈரலையும் சுற்றிச் சேர்வதே நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் வழிதிறப்பது. இதை அறிய அளவுநாடா போதும். தெற்காசிய ஆணுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை என்று சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2005 ஆம் ஆண்டில் வகுத்தது. இன்னும் எளிதாக, இடுப்பின் சுற்றளவு உயரத்தின் அரைவாசிக்கு மேற்படலாகாது என்பதை இங்கிலாந்தின் வைத்திய வழிகாட்டி நிலையம் 2022 ஆம் ஆண்டிலே ஏற்றுக்கொண்டது. கயிறொன்றை உயரத்துக்கு நறுக்கி, இரண்டாக மடித்து, இடுப்பைச் சுற்றிப் பார்க்கலாம், எழுத்தறியாதவருக்கும் இயலும்.

ஆனால் இடுப்பு எது என்பதிலே ஏமாற்றம் உண்டு. சாரமோ களிசானோ கட்டும் இடம் இடுப்பன்று. தொந்தி விழ விழ அது கீழே இறங்கிப் போகும். முப்பத்திரண்டு அங்குலக் களிசானையே இருபது வருடமாக அணிவதாகப் பெருமைப்படுபவர் பலர். அவர்கள் அதனை எவ்விடத்தில் அணிகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கடைசி விலா எலும்பின் கீழ்ப்புறத்துக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சு விட்டு முடிந்த தறுவாயில், நாடாவை இறுக்காமலும் தொங்கவிடாமலும் பிடித்து அளத்தல் வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டால் அளப்பவர் ஏமாறுவார், ஈரல் ஏமாறாது. உயரமும் அவ்வாறே. சப்பாத்தைக் கழற்றாமல் இரண்டு சென்ரிமீற்றர் கூட்டிவிட்டால், கணக்கில் அது வர்க்கமாகி, 23.9 என்ற சுட்டி 23.3 ஆகிவிடும். வயோதிபரில் இதற்கு மாறாக, முதுகு கூனி உயரம் குறைவதால், ஒரு கிராமும் ஏறாமலே சுட்டி ஏறும். கர்ப்பிணிகளுக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. குழந்தைகளுக்கும் 25, 30 என்ற எல்லைகள் செல்லா. அவர்களுக்கு வயதுக்கும் பாலுக்கும் ஏற்ற வளர்ச்சிக் கோடுகள் உண்டு. 2006 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சிறுகுழந்தைகளின் கோடுகள் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுக் குழந்தைகளைக் கொண்டு வரையப்பட்டவை.

2022 ஆம் ஆண்டில் உலகத்தில் எட்டுப் பேருக்கு ஒருவர் உடற் பருமனுடையவர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்தது. அந்தக் கணக்கும் சுட்டியைக் கொண்டே செய்யப்பட்டது. கூட்டத்தை எண்ணுவதற்குச் சுட்டி நன்று. தனி ஒருவரை நோயாளி என்பதற்கு அது போதாது என்ற எண்ணம் வைத்தியர்களிடையே வலுத்து வந்திருக்கிறது. 2025 ஆம் ஆண்டு தொடக்கத்தில் பல நாட்டு நிபுணர் 58 பேர் கூடி லான்செற் வெளியீடொன்றில் புதிய வரையறையை முன்வைத்தார்கள். சுட்டி உயர்ந்திருந்தால் இடுப்பளவாலோ நேரடியான அளவாலோ கொழுப்பு மிகுதியை உறுதிசெய்ய வேண்டும். அதன்பின், அக்கொழுப்பால் ஏதேனும் உறுப்பு ஏற்கெனவே பழுதுபட்டிருக்கிறதா, அன்றாட நடமாட்டம் தடைப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழுது இருந்தால் அது நோய். இல்லையேல் நோய்க்கு முந்திய நிலை, கவனித்து வரவேண்டியது. பென்கேயின் ஆட்டவீரனும் தொந்தி விழுந்த எழுதுவினைஞனும் இனி ஒரே பெட்டியில் எழுதப்படமாட்டார்கள்.

அந்த இளைஞனின் இடுப்பை இரண்டாவது வைத்தியர் அளந்தபோது நாடா 91 காட்டியது. உயரத்தின் அரைவாசி 82.5. சுட்டியைப் பற்றிய பேச்சை அவர் அத்தோடு விட்டுவிட்டு, குருதி அமுக்கத்தைப் பார்த்தார்; வெறுவயிற்றிற் குருதிச் சீனியும் கொழுப்பும் பார்க்கத் துண்டெழுதிக் கொடுத்தார்; பகலில் எவ்வளவு நேரம் கதிரையில் இருக்கிறான், இரவிலே சோற்றுக்கோப்பை எவ்வளவு உயரம் என்று விசாரித்தார்; ஆறு மாதம் கழித்து அதே தராசிலும் அதே நாடாவாலும் பார்க்க வரும்படி திகதி குறித்தார். அதற்கிடையில் ஒருமுறை அவன் ஊருக்குப் போகவேண்டியிருக்கும். "இதென்ன ராசா, வாடிப்போனாய்" என்று பாட்டி கேட்பாளாயின், நாடா ஓரிரண்டு அங்குலம் குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.